மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டது

உலையக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் முழிப்பார்கள். உலையக்கா என்று கேட்டால் வாசல் காவலாளியே கையை நீட்டி வழி சொல்லிவிடுவார். "நேரா போங்க, கடைசி ரூம். மூஞ்சில வெக்கை அடிச்சா வந்து சேந்துட்டீங்கன்னு அர்த்தம்."

அந்தக் கடைசி அறையில் சின்னதும் பெரியதுமாக மின்சார உலைகள் இருந்தன. ஒரு தராசு, பொடி அரைக்கிற பீங்கான் கல்வம், பொடியை அழுத்திச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வில்லையாக்குகிற ஒரு சின்ன இயந்திரம், சுவரில் மாட்டிய நீள இடுக்கிகள், ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எந்தப் பொடி எவ்வளவு என்று மேலே இருந்து சொல்லி அனுப்புவார்கள். அவள் நிறுப்பாள், அரைப்பாள், வில்லையாக்குவாள், உலையில் வைத்துச் சுடுவாள், ஆறவிட்டு எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அவள் செய்தது இதுதான். அதைக் குறைவாக ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் சுட்ட வில்லையில் கீறல் விழாது என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேர்தான் பிற்பாடு அவளைப் பாடாய்ப் படுத்தியது.

நல்ல மனுஷி, அதில் சந்தேகமே வேண்டாம். கூட வேலை பார்க்கிறவர்கள் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஆனால் அந்த ரோஷம் இருக்கிறதே, அப்பப்பா! ஒரு சொல் சுருக்கென்று பட்டுவிட்டால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பேசமாட்டாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவன், "நான் ஊரையே சுத்திட்டு வந்துட்டேன், நீ இன்னும் அந்த ஸ்டாப்புலயே நிக்கிறியா?" என்று கேலி செய்வான். அதற்கும் பேசமாட்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் அவனுக்குத் தலைவாரி விட்டதும் சோறு ஊட்டியதும் அக்காதான். பயல் பிறவிச் சந்தேகப்பிராணி. கதவைப் பூட்டினால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பான். பாதித் தெரு போனவன் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பான். கட்டிய மனைவி அடுப்பை அணைத்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னாலும், உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு. அக்கா "பூட்டிட்டேன்டா" என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிவிடுவான். அக்கா சொன்னா சரி. அவ்வளவுதான். தம்பி மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உலகத்துல இவருக்கு ரெண்டே ஜாதி அண்ணி. நம்பறதுக்கு நீங்க, சந்தேகப்படறதுக்கு மத்த எல்லாரும்."

தம்பி கணினி படித்தான். படித்து முடித்து அக்கா வேலை பார்த்த அதே ஆய்வுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தான். அங்கே ஆய்வுக்குத் தலைமை தாங்கிய மேடம் ஒரு பொருளைத் தேடித் தேடிச் சலித்துப் போயிருந்த நேரம் அது. பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது அளவுக்கு மீறிச் சூடானால் தீப்பிடிக்கும். அந்த இடத்தில் ஒரு திடப்பொருளை வைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆனால் அந்தத் திடப்பொருளுக்குள் மின்னூட்டம் கொண்ட துகள்கள் தடையில்லாமல் ஓட வேண்டும். எதை எதோடு எந்த அளவில் சேர்த்துச் சுட்டால் அப்படி ஒன்று கிடைக்கும்? ஒவ்வொரு சேர்க்கையாகச் சுட்டுப் பார்ப்பதென்றால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் போதாது.

அங்கேதான் தம்பியின் இயந்திரக் கற்றல் வந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் அதுவரை சுட்ட வில்லைகளின் கதையை எல்லாம் ஒரு நிரலுக்கு ஊட்டினான். எது வந்தது, எது வரவில்லை என்பதைப் பார்த்துப் பார்த்து, இனிமேல் சுடுவதில் எது வரக்கூடும் என்று அது ஊகித்துச் சொல்லும். அதை அக்கா சுடுவாள். முடிவைச் சொன்னால் அதையும் கற்றுக்கொண்டு அடுத்ததைக் கேட்கும்.

உலையக்கா அந்த நிரலுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். "உக்காந்த இடத்தை விட்டு அசையறது இல்ல. அது வேணும் இது வேணும்னு கேக்க மட்டும் தெரியுது. செஞ்சு கொண்டு போய்க் குடுத்தா ஒரு நல்ல வார்த்தை உண்டா? அடுத்தது எங்கேங்குது. மாப்பிள்ளை இல்லாம வேற என்னவாம்?" மேடமே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஆய்வுக்கூடம் முழுக்க அதற்கு அதுதான் பேர். காலையில் அறைக்குள் நுழையும்போதே, "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டபடிதான் நுழைவாள். தம்பி மேலே இருந்து இன்டர்காமில் பட்டியல் வாசிப்பான். அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்த காலம். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எப்போதும் இருந்ததில்லை.

முடிவைச் சொல்ல உலை அறையில் ஒரு திரை இருந்தது. அதில் தம்பி இரண்டே பொத்தான்கள் வைத்திருந்தான். பச்சையில் ‘வந்தது’, சிவப்பில் ‘வரவில்லை’. அக்காவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது.

ஒரு நாள் மாப்பிள்ளை விசித்திரமான ஒன்றைக் கேட்டது. சீக்கிரமே உருகிவிடும் என்பதால் யாரும் சேர்க்காத ஓர் உப்பை, அதுவும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னது. மேடம் புருவத்தை உயர்த்தினார். "அடம் பிடிக்குதுக்கா, ஒரு தரம் சுட்டுத்தான் பாத்துடுவோமே" என்றான் தம்பி. அவளும் சிரித்துக்கொண்டே அரைத்து வைத்தாள்.

அன்று மதியம் பார்வையாளர்கள் வந்தார்கள். மேடம் தம்பியின் தோளில் கை வைத்து, இந்தத் திட்டத்துக்கு மூளையே இவர்தான் என்று அறிமுகம் செய்தார். வந்தவர்களில் ஒருவர் உலையக்காவைக் காட்டி, இவங்க என்ன செய்யறாங்க என்று கேட்டார். தம்பி திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பாமலே, "அவங்க சுட்டுக் குடுப்பாங்க" என்றான்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அவளுக்குச் சுரீர் என்றது. தலைவாரி விட்ட அக்கா என்று சொல்ல வேண்டாம், அக்கா என்றாவது சொல்லியிருக்கலாமே! ‘அவங்க’ளாம். சுட்டுக் குடுப்பாங்களாம். அவள் முகம் தொங்கிப் போனது. தம்பி கவனிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. சுட்டு முடிந்த உலையை மூடியபடியே மறுநாள் காலை வரை ஆறவிடுவதுதான் வழக்கம். ஆனால் சூடு ஓரளவு தணிகிற வரைக்கும் உலை அறையை ஆள் இல்லாமல் விட்டுப் போகக்கூடாது, அது அங்கே கண்டிப்பான விதி. இப்படி அவசரம் வந்தால் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போவாள். அவனும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். அன்றைக்கும் இன்டர்காமை எடுத்து, டேய், கொஞ்சம் வாடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பான். சொல்லவில்லை. மூளையாயிற்றே, அவனை எப்படி இந்த வெக்கையில் உட்கார வைப்பது! பல்லைக் கடித்துக்கொண்டு உலையைத் திறந்தாள். இடுக்கியால் வில்லையைக் கிண்ணத்தோடு வெளியே எடுத்துச் செங்கல் மேல் வைத்தாள். உலையை அணைத்துக் கதவை அகலத் திறந்துவிட்டு, அது ஆறினதும் கிளம்பிப் போய்விட்டாள்.

மகளுக்குப் பரிசு கிடைத்தது. அவள் கைதட்டினாள். கைதட்டிக்கொண்டே செங்கல் மேல் இருந்ததை நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வந்து பார்த்தால் வில்லை கருத்து, குறுக்கே வெடித்துக் கிடந்தது. சோதித்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் ஓடவில்லை. திரையில் இரண்டு பொத்தான்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்ததா? வரவில்லை. நான் கெடுத்தேன் என்று சொல்ல அங்கே இடம் இல்லை. இன்டர்காமில் சொல்லியிருக்கலாம். கோபம் இன்னும் தணியவில்லையே! அந்த உப்பைப் போட்டால் எப்படியும் உருப்பட்டிருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சிவப்பை அழுத்தினாள். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சில வாரங்கள் கழித்து அது மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. அளவில் இம்மியளவு மாற்றம், அதே உப்பு. இந்த முறை தம்பியே உலை அறைக்கு இறங்கி வந்தான். மேடமும் கூட வந்தார்.

"அக்கா, மத்த கணக்கெல்லாம் அந்தப் பக்கமே கை காட்டுதுக்கா. அன்னிக்கு அது நிஜமாவே வரலையா? நல்லா பாத்தியா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு வில்லை சுட்டால் தீர்ந்தது. ஆனால் மேடம் நின்றுகொண்டிருந்தார். நல்லா பாத்தியா என்று இவன், இவன் கேட்கிறான்! மாப்பிள்ளைக்காகப் பரிந்துகொண்டு அக்காவைச் சந்தேகப்படுகிறான்! அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"என் கையில வராதது எவன் கையிலயும் வராது. வேணும்னா உன் மாப்பிள்ளையவே வந்து சுடச் சொல்லு."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற பயல். "சரிக்கா" என்றான். மேடம் பக்கம் திரும்பி, "அக்கா சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும்" என்றான். மேலே போய், அந்த உப்பு இருக்கிற பக்கமே இனிமேல் போகாதே என்று நிரலில் எழுதிவிட்டான். மாப்பிள்ளை அதன் பிறகு கேட்கவே இல்லை.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. சுட்டார்கள், சுட்டார்கள், சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சுமாராக வந்தன சில, சிறப்பாக வந்தது ஒன்றும் இல்லை. கொடுத்த காலம் முடிந்தது. மேடம் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். தம்பி வேலையை விட்டு, பார்சல் வண்டிகள் எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் சேரும் என்று கணக்குப் போடுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். கெட்ட வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஆளே மாறிப்போனான். முன்பெல்லாம் சாப்பிடும்போதுகூடக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவன், இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். பிள்ளைகள், அப்பா நீங்க முன்னாடி என்ன வேலை பாத்தீங்க என்று கேட்டால், "சோசியம் பாத்தேன். ஒண்ணும் பலிக்கல" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். உலையக்கா மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

எத்தனை முறை சொல்ல நினைத்தாள்! வாய் வரைக்கும் வரும், மென்று முழுங்கிவிடுவாள். வராமலேகூட இருந்திருக்கும், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு சாக்குச் சொல்லும். அந்தச் சாக்கிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் தலை நரைத்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் புதிதாக வந்த ஒரு பெண், வேறொரு நாட்டில் யாரோ கண்டுபிடித்ததைப் படம் போட்டுக் காட்டினாள். தீப்பிடிக்காத பேட்டரிக்கு அருமையான ஒரு திடப்பொருள். அதையும் ஒரு நிரல்தான் காட்டிக் கொடுத்ததாம். திரையில் தேன் நிறத்தில் ஒரு வில்லை, கீறல் இல்லாமல். பக்கத்தில் என்னென்ன சேர்ந்தது என்று எழுதியிருந்தது. உலையக்காவுக்கு அதைப் படிக்க ஒரு கணம்கூட ஆகவில்லை. அதே உப்பு. கிட்டத்தட்ட அதே அளவு. பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, வேர்த்துக் கொட்டுது?" என்றாள். உலை அறையில் இல்லாத வெக்கையா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். அன்று தம்பி மனைவியின் அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. மனைவியும் பிள்ளைகளும் முன்னாடியே போயிருந்தார்கள். அக்கா வந்ததும் இரண்டு பேருமாகக் கிளம்புவதாக ஏற்பாடு. கதவைத் திறந்த தம்பியின் முகத்தில் பழைய களை. கையில் போன்.

"பாத்தியாக்கா? நம்ம உப்புதான்! மாப்பிள்ளை அடம் பிடிச்ச அதே உப்பு!"

"பாத்தேன்டா."

"அது சரியாத்தான் காமிச்சிருக்கு. நான்தான் கோட்டை விட்டுட்டேன். அளவுல எங்கயோ தப்பு பண்ணி உனக்கு அனுப்பிச்சிருக்கேன். அதான் நமக்கு வரல. கையில இருந்ததைத் தொலைச்சிட்டு இத்தனை வருஷமா மெஷினைத் திட்டிட்டு இருந்தேன் பாரு, என்னைச் செருப்பாலயே அடிக்கணும்." போனைத் தள்ளித் தள்ளிப் படித்தான். "ஆற விடறதுதான் முக்கியமாம். உலையத் திறக்காம மறுநாள் வரைக்கும் விட்டிருக்காங்க. நீ எப்பவும் அப்படித்தானே விடுவ? அன்னிக்கும் அப்படித்தானே விட்ட?"

கேள்வியில் துளி சந்தேகம் இல்லை. ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் நம்பிவிடுவான். நம்பி, ஆயுசு முழுக்கத் தன்னையே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பான்.

"இல்லடா" என்றாள். "அன்னிக்குச் சூட்டோட வெளிய எடுத்து வெச்சுட்டேன்."

தம்பி போனைக் கீழே வைத்தான். "ஏன்?"

"பாப்பாவுக்குப் பேச்சுப் போட்டி. கிளம்பணும்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேக்கா. எப்பவும் கூப்பிடுவியே."

"உன் மேல கோவம்."

"என் மேலயா? எதுக்கு?"

"வந்தவங்ககிட்ட என்னைப் பத்திச் சொன்னியே. அவங்க சுட்டுக் குடுப்பாங்கன்னு."

தம்பி நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "நான் அப்படியா சொன்னேன்? எப்பக்கா?"

அவனுக்கு நினைவே இல்லை. அவள் இத்தனை வருஷமும் சுமந்துகொண்டிருந்த வார்த்தை அவன் மனசில் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. உலையக்கா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவேண்டும் போல் இருந்தது, அழுகை வரவில்லை.

"நான் உன்கிட்ட வந்து கேட்டேனேக்கா" என்றான் மெதுவாக. "நல்லா பாத்தியான்னு."

"கேட்ட."

"மெஷின் ஒண்ணு சொல்லுச்சு. நீ ஒண்ணு சொன்ன. நான் உன்னை நம்பினேன்."

"என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுடா."

அவன் அறையவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் போய் நின்றான். "மூணாவதா ஒரு பொத்தான் வெச்சிருக்கணும்" என்றான். "கெட்டுப்போச்சுன்னு ஒண்ணு. எல்லாரும் வெப்பாங்க. எனக்குத் தோணவே இல்ல. நீ எதையாவது கெடுப்பேன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

பிறகு மணியைப் பார்த்தான். "வா, காத்திட்டு இருப்பாங்க. சாப்பாடு ஆறிடும்." அவன் குரலில் கோபம் இல்லை. தலை நிமிர்ந்துதான் இருந்தது. அந்த மட்டுக்கும் நல்லது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தன் கணக்கு தப்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் பிள்ளைகளிடம் சோசியம் என்று சொல்லமாட்டான்.

கொண்டு போகவேண்டிய பாத்திரங்களைத் தம்பி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான். சாவியை அக்காவிடம் கொடுத்தான். அவள் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, அழுத்திப் பூட்டினாள். அவன் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தான்.

"பூட்டிட்டேன்டா" என்றாள், வழக்கம் போல.

அவன் நின்றான். பாத்திரங்களைப் படியில் வைத்தான். ஏறி வந்து, அவளைப் பார்க்காமல், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். மறுபடியும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். "வாக்கா, போலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். பூட்டு சரியாகத்தான் பூட்டியிருந்தது. உலையக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள்.